ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற படை

கேள்வி: சீக்கியரும் பட்டாணியரும் மோதிய போர் என்றாலே 21 பேர் நின்ற சாராகர்ஹியைத்தான் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லையா? (வாசகர், கரூர்)

பதில்: நடந்தது. வடமேற்கு எல்லையில் ஒரு சின்னக் காவல் நிலையமான சாராகர்ஹியில் சண்டை 1897-இல் நடந்தது. அங்கே உயிரைக் கொடுத்தவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் 36-வது சீக்கியப் பிரிவுச் சிப்பாய்கள். சீக்கியர்கள் தங்கள் சொந்த அரசுக்காகச் சண்டை போட்டதைப் பார்க்க வேண்டுமானால் 1823 மார்ச்சுக்குப் போக வேண்டும். இடம், பெஷாவருக்குக் கிழக்கே காபூல் ஆற்றங்கரையில் இருக்கும் நவ்ஷேரா.

தகராறு கப்பத்தில் ஆரம்பித்தது. பெஷாவரை ஆண்ட யார் முகமது கான், லாகூர் மகாராஜா ரஞ்சித் சிங்குக்குக் குதிரைகளை அனுப்பிச் சமாதானமாகப் போய்விட்டார். காபூலில் அதிகாரத்தை வைத்திருந்த சகோதரர் அசிம் கானுக்கு இது பொறுக்கவில்லை. படையோடு கிளம்பினார். பட்டாணியர்களில் யூசுப்சாய், கட்டக் குலத்தவர்கள் புனிதப் போர் என்று ஆயிரக்கணக்கில் திரண்டு, ஆற்றின் வடகரையில் பீர் சபாக் குன்றுப் பக்கம் நின்றார்கள். அசிம் கானோ பீரங்கிகளோடு தென்கரையில்! என்னைக் கேட்டால் போரின் முடிவு அங்கேயே எழுதியாகிவிட்டது.

ரஞ்சித் சிங் அட்டோக் அருகே சிந்து நதியைத் தாண்டி வந்து, அசிம் கான் ஆற்றைக் கடக்காதபடி ஒரு பிரிவை நிறுத்திவிட்டு, குன்றில் இருந்தவர்கள் மீது பாய்ந்தார். அது சுலபமாக இல்லை. வாளும் பழைய துப்பாக்கியும் வைத்திருந்த அந்த மலை மக்கள், விரட்ட விரட்டத் திரும்பி வந்தார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவர்களுடைய துணிச்சலைக் குறைத்துச் சொல்ல முடியாது.

அகாலிகள் என்ற சீக்கிய மதப் போர்வீரர்களின் தலைவர் அகாலி புலா சிங் செத்தது இங்கேதான். பீரங்கிகள் வந்து சேரட்டும் என்றாராம் மகாராஜா. பிரார்த்தனை முடித்துப் புறப்பட்டவன் திரும்ப மாட்டேன் என்றாராம் இவர். குதிரை சுடப்பட்டதும் யானை மேல் ஏறிக்கொண்டு போனவர், குண்டு பட்டு விழுந்தார். ஒரு காலத்தில் ரஞ்சித் சிங்குக்கே சாட்டையடித் தண்டனை விதித்தவர் என்று சீக்கியர்கள் சொல்லும் ஆள் இவர். ராஜாவிடம் இப்படிப் பேசக்கூடிய ஒருவர் படையில் இருந்ததே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அசிம் கான் கடைசிவரை ஆற்றைக் கடக்கவில்லை. பின்னால் விட்டுவந்த குடும்பமும் கஜானாவும் மாட்டிக்கொள்ளுமோ என்று பயந்தார் என்பார்கள். பின்வாங்கிப் போனவர் அதே வருஷம் இறந்தும் போனார். ரஞ்சித் சிங் பெஷாவருக்குள் நுழைந்தார். ஆனால் ஊரைக் கையில் வைத்துக்கொள்ளாமல், கப்பம் கட்டு என்று மறுபடி யார் முகமது கானிடமே கொடுத்துவிட்டார். சீக்கிய அரசு பெஷாவரை நேரடியாக எடுத்துக்கொண்டது 1834-இல்தான்.

கேள்வி: அப்படியானால் இது சீக்கியர்–முஸ்லிம் சண்டைதானே? (வாசகி, தென்காசி)

பதில்: அழைப்பு அப்படித்தான் விடப்பட்டது. ஆனால் லாகூர் படையைப் பாருங்கள். அதில் முஸ்லிம் சிப்பாய்களும் பீரங்கித் தளபதிகளும் இருந்தார்கள். மகாராஜாவின் வெளியுறவு அமைச்சர் ஃபக்கீர் அசிசுத்தீன். முந்தைய வருஷம்தான் நெப்போலியனின் படையில் இருந்த அல்லார்டும் வென்ச்சுராவும் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். 1814-இல் நாலாபானிக் கோட்டையில் ஆங்கிலேயரைத் திணறடித்த நேபாளத்து பல்பத்ர குன்வரும் நவ்ஷேராவில் லாகூர் பக்கம் நின்றுதான் உயிரை விட்டார். அந்தப் பக்கமோ அண்ணன் தம்பிக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

கேள்வி: ஹரி சிங் நல்வா இந்தப் போரிலா இறந்தார்? (வாசகர், ஆம்பூர்)

பதில்: இல்லை, ரஞ்சித் சிங்கின் தளபதியான அவர் நவ்ஷேராவில் போரிட்டார், பிழைத்தார். அவர் இறந்தது 1837 ஏப்ரலில், கைபர் கணவாய் வாசலில் இருக்கும் ஜம்ரூதில். எதிரே காபூலை ஆண்ட தோஸ்த் முகமதுவின் மகன் அக்பர் கான். உதவிப்படை வந்து சேரும்வரை சாவுச் செய்தி வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கோட்டை விழவில்லை.