கடலோர விடுதியில் ஓர் இரவு – கடிதம்

அன்புள்ள சார்,

கடலோரத்துப் பழைய விடுதிகளில் ஒரு ராத்திரியாவது தங்கிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதை நம்பி, போன மாதம் நானும் மனைவியும் அப்படி ஒன்றில் தங்கினோம். இருநூறு வருடக் கட்டடம். கடல் தெரியும் அறை என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள், ஆனால் கடலைப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்ட வேண்டியிருந்தது. படுக்கை விரிப்பு நமுத்துப்போயிருந்தது, சுவரில் உப்பு பூத்துக் காரை உதிர்ந்தது, மாடியில் யாரோ நள்ளிரவு வரை நடந்த ஒவ்வொரு அடியும் தலைக்கு மேல் கேட்டது. வெந்நீர் வரவேயில்லை. சொல்லலாம் என்று இறங்கிப் போனால் கீழே ஒரு ஆள் இல்லை. காலையில் மேலாளர் சிரித்துக்கொண்டே, "பாரம்பரியக் கட்டடம் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்குத்தான் பழமையை ரசிக்கத் தெரியவில்லையா?

க.

அன்புள்ள க.,

உங்கள் ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மேலாளர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்.

சுவரை விட்டுவிடுங்கள். கடற்காற்றோடு வருகிற உப்பு, நாம் சாப்பிடும் அதே உப்புதான், சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையும், காற்று உலர்ந்ததும் திரும்பப் படிகமாகும், அப்படி ஆகும்போது நுண்துளைகளை நெருக்கிக் காரையைத் தள்ளிவிடும். வருடக்கணக்காக இதே வேலை. சுண்ணாம்புக் காரை உதிர்ந்தால் அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம். அதன் மேல் யாராவது சிமென்ட் பூசியிருந்தால்தான் வம்பு, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். சத்தமும் ஓரளவு அப்படித்தான். மர உத்தரத்தின் மேல் பலகை போட்ட தளத்தில் காலடி அதிர்வு நேராகக் கீழே இறங்கும். மாடி அறையில் தடிமனான கம்பளம் விரித்தால் நிறையவே குறையும், ஆனால் அதற்கு யாராவது கீழ் அறையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

வெந்நீர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். இருநூறு வருடம் முன்னால் அந்த அறையில் குழாயே இருந்திருக்காது. பிற்பாடு யாரோ போட்ட குழாய்க்கு என்ன பாரம்பரியம்? நமுத்துப்போன விரிப்புக்கும் இருநூறு வயது ஆகியிருக்காது, அறையைத் திறந்து போட்டுக் காயவைத்துவிட்டு விருந்தாளியை உள்ளே விட்டிருக்கலாம். ராத்திரி ஆள் இல்லாதது வெறும் சம்பள மிச்சம்.

சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887இல் பத்து அறைகளோடு தொடங்கியபோது கடலை ஒட்டித்தான் இருந்தது. அப்புறம் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் கடல் தள்ளிப்போய்விட்டது, பீச் ரோடு என்ற தெருப்பெயர் மட்டும் மிச்சம். அது விடுதியின் குற்றமில்லை. அதே விடுதியை 1989இல் இழுத்து மூடி, பழுது பார்த்து 1991இல் திறந்தார்கள், 2017இல் மறுபடி வேலை ஆரம்பித்து 2019இல் முடித்தார்கள். பழைய கட்டடத்தை வைத்துச் சம்பாதிப்பது என்றால் இப்படி அவ்வப்போது வருமானத்தை நிறுத்திவிட்டு வேலை பார்க்க வேண்டியிருக்கும். உங்களுக்கு வாய்த்தவர்களுக்குக் கடல் இன்னும் எதிரிலேயே இருக்கிறது, அது தெரியாத அறையைத் தெரியும் என்று விற்றிருக்கிறார்கள். அதற்குப் பெயர் பொய். அவர்களுக்கு எழுதுங்கள், காரையையும் காலடியையும் சேர்க்காமல் அறை, வெந்நீர், ஆள் இல்லாதது, இந்த மூன்றை மட்டும் எழுதி, கடலுக்கு என்று கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நீளமாகப் புலம்பினால் அதே சிரிப்புதான் திரும்ப வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எழுதிய அந்த விடுதியிலும் மெத்தை ஈரம்தான். விடிய விடிய ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், இடுப்பு இரண்டு நாள் நிமிரவில்லை. ஊருக்குத் திரும்பி எழுதும்போது அலைச் சத்தத்தை மட்டும் எழுதினேன். தூங்க முடியாததால்தான் அது அவ்வளவு நன்றாகக் கேட்டது. நாற்காலியையும் அந்தக் கட்டுரையில் இந்த வாரம் சேர்த்துவிடுகிறேன், உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.