ஒன்டாரியோ பனிக்குப் பழைய கார்: ஆல் வீல் டிரைவ் கட்டாயமா?

டொரோண்டோ பக்கம் தினமும் வேலைக்குப் போய்வரப் பழைய கார் தேடுவதாகவும், ஆல் வீல் டிரைவ் (எஞ்சின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகும் அமைப்பு) இல்லாமல் பனியில் ஓட்ட முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக ஓட்டலாம். ஆல் வீல் டிரைவ் பனியில் வண்டியைக் கிளப்ப உதவும். பிரேக் பிடிக்கும்போது அதனால் பயனில்லை. அங்கே டயர்தான் எல்லாம். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், வின்டர் டயர் மென்மையாகவே இருக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் போடுவது சட்டம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கேட்கலாம். நல்ல நிலையில் உள்ள கொரோலாவோ சிவிக்கோ, கூடவே நான்கு வின்டர் டயர். நகரத்துக்கு அது போதும்.

பழைய காரில் ஓடிய கிலோமீட்டரைவிட நான் துருவுக்குத்தான் பயப்படுவேன். சாலையில் கொட்டும் உப்பு அடிப்பகுதியைத் தின்றுவிடும். வண்டியை லிஃப்டில் ஏற்றி பிரேக் லைன் (பிரேக் எண்ணெய் போகும் குழாய்), சப்ஃபிரேம் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்), கதவுக்குக் கீழுள்ள ராக்கர் பேனல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும், விற்பவரின் நண்பர் வேண்டாம். அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு பளபளத்தால், துருவை மறைக்கப் பூசியதோ என்று சந்தேகப்படுங்கள். சேஃப்டி சான்றிதழ் (வண்டி பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான சான்று) இருக்கிறதே என்பார்கள். அது அன்றைய தேதிக்கான குறைந்தபட்சத் தகுதி, அவ்வளவுதான்.

அப்புறம், நீங்கள் வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். பேட்டரியின் லட்சணம் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும்.