சட்டப் படிப்பில் ஒரு வருடம் இடைவெளி விழுந்தால் ஊரிலேயே இருந்து என்ன செய்யலாம்?

பாலக்கோடு பக்கம் ஊர், ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு முடிந்தது, வீட்டுச் சூழ்நிலையால் ஒரு வருடம் நிற்க வேண்டியிருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் ஆபரேஷனுக்காக நானும் நடுவில் ஒரு வருடம் வீட்டில் இருந்தவன், இப்போது கிருஷ்ணகிரி கோர்ட்டில் பிராக்டிஸ். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓட வேண்டாம், பக்கத்து கோர்ட்டுக்குப் போங்கள், நிலப் பத்திரம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில்.

அதற்கு முன்னால், படிப்பை நிறுத்துவதையும் திரும்பச் சேர்வதையும் கல்லூரியில் எழுத்தில் வாங்கி வையுங்கள், "பார்த்துக்கலாம் தம்பி" என்று யாராவது சொன்னால் அதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும், எந்த ஆண்டிலும் தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல் செய்யக்கூடாது. இடைவெளி வருடத்தில் செய்வது அந்தக் கணக்கில் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சேராது என்றாலும் கோர்ட்டுக்குப் போவதை விடாதீர்கள். ஆன்லைன் சர்டிபிகேட் கோர்ஸ்களுக்குப் பணம் கட்டுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

கோர்ட் எல்லோருக்கும் திறந்த இடம். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கு), குடும்ப வழக்கு மாதிரி ரகசிய விசாரணை நடக்கும்போது வெளியே வந்துவிட வேண்டும், மற்றபடி பின்வரிசையில் உட்கார யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு சிவில் வழக்கைத் தேர்ந்தெடுத்து, வழக்கு விவரம் காட்டும் இகோர்ட்ஸ் ஆப்பில் அடுத்த வாய்தா எப்போது என்று பார்த்துப் பார்த்துப் போங்கள். வகுப்பில் ஆங்கிலத்தில் படித்த குறுக்கு விசாரணை இங்கே தமிழில் நடக்கும். தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுகிற சாட்சி கூண்டில் ஏறி நின்று தடுமாறும்போது வக்கீல் கேள்வியை எப்படி மாற்றிக் கேட்கிறார் என்பதை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது.

அப்புறம் ஒரு நல்ல வக்கீல் குமாஸ்தாவிடம் பழகுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் எனக்கு நிலம் பற்றித் தெரிந்ததெல்லாம் அப்படி ஒருவரிடம் கற்றதுதான். ஒருநாள் ஒரு கேஸ் கட்டை என் முன்னால் பிரித்துப் போட்டார். கிரையப் பத்திரத்தில் 1 ஏக்கர் 25 சென்ட், பட்டாவில் 0.46.5 ஹெக்டேர். "ரெண்டும் ஒண்ணா பாரு" என்றார். 1 ஏர் என்றால் ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு, சுமார் 2.47 சென்ட், அப்படியானால் 46.5 ஏர் என்பது 1 ஏக்கர் 15 சென்ட்தான். மீதி பத்து சென்ட் எங்கே? புல வரைபடம், அ பதிவேடு என்கிற கிராம நிலக் கணக்கு, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரத்தின் நான்கெல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், மேற்கெல்லையில் இருந்த வண்டிப்பாதை பிற்பாடு தனி உட்பிரிவாகப் பிரிந்து ரோடாகப் போயிருந்தது. இரண்டு பங்காளிகள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தது அந்தப் பத்து சென்ட்டுக்குத்தான். சொத்துரிமைச் சட்டத்தைத் தலைகீழாகச் சொல்கிறவருக்கும் இந்தக் கணக்கு தெரியாவிட்டால் நம் ஊரில் சிவில் வழக்கு நடத்த முடியாது. முதலில் உங்கள் வீட்டுப் பத்திரங்களையே எடுத்துப் பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர முடியுமா என்றும் விசாரியுங்கள், சட்ட மாணவர்களையும் எடுப்பார்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வக்கீல் இலவசம், அதற்கு வருமான வரம்பு கிடையாது. பென்னாகரம் மலைக்கிராமத்தில் இருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு இது தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று, சொந்தக்காரர்கள் உங்களை இப்போதே "வக்கீல்" என்று கூப்பிட்டு யோசனை கேட்பார்கள், காசு வாங்காதீர்கள், கேஸ் பிடித்துத் தராதீர்கள். பதிவு செய்யாமல் கோர்ட்டில் வக்கீல் தொழில் செய்தால் 6 மாதம் வரை சிறை என்று வழக்கறிஞர்கள் சட்டம் 45ஆம் பிரிவு சொல்கிறது.

படிப்பதற்கு என்றால் வாச்சாத்தி தீர்ப்பில் இருந்து ஆரம்பியுங்கள். அரூர் பக்கத்து மலைக்கிராமம், 1992 ஜூன் 20இல் சோதனைக்குப் போன அரசு ஆட்கள் ஊர்ப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது உட்பட நடந்த கொடுமை. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் மீது வழக்கு, உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு சொன்னது நம் தர்மபுரி கோர்ட். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அதற்கு முன் நீதிபதியே அந்த ஊருக்கு நேரில் போய்ப் பார்த்தார். அந்தப் பெண்களின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏன் நம்பியது என்ற பகுதியை மெதுவாகப் படியுங்கள், சாட்சியச் சட்டம் அதற்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டதால், தீர்ப்பில் வரும் பழைய பிரிவுக்குப் பக்கத்திலேயே புதிய எண்ணையும் எழுதிக்கொண்டே வாருங்கள்.

சாயங்காலம் நேரம் கிடைத்தால் தமிழ் டைப்ரைட்டிங் கிளாஸில் சேருங்கள். மனுவையும் நோட்டீஸையும் தானே அடிக்கத் தெரிந்த பிள்ளையை எந்த சீனியரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், கைச்செலவுக்கும் கொஞ்சம் கிடைக்கும்.