தூமேரின் உப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹனோயில் லோங் பியென் பாலத்தைப் பார்த்தேன். அதைக் கட்டவைத்த போல் தூமேர் ரயில்பாதைக் கூலியாளின் மகனாம். 1897 முதல் 1902 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) கவர்னர் ஜெனரல். பற்றாக்குறையில் கிடந்த அதன் கஜானாவை உபரிக்குக் கொண்டுவந்தார், பிற்பாடு பிரான்சின் ஜனாதிபதியும் ஆனார். இப்படிப்பட்ட நிர்வாகிகள் நமக்கு ஏன் வாய்ப்பதில்லை? பாலத்தைக் கட்டியது ஈஃபெல் கோபுரத்து ஈஃபெல்தானே?

ர.

அன்புள்ள ர.,

ஈஃபெல் இல்லை. தெய்தே-பில்லே என்று கட்டிய கம்பெனியின் பெயரைப் பாலத்திலேயே தகடு அடித்திருக்கிறது, பார்க்காமல் வந்துவிட்டீர்கள். நமக்கு ஏன் வாய்ப்பதில்லை என்கிற புலம்பலுக்கு என்னிடம் பொறுமை இல்லை.

தூமேர்மேல் எனக்கும் பரிவு உண்டு. முதல் உலகப்போரில் நான்கு மகன்களைப் பறிகொடுத்தவர். 1932 மே மாதம், போருக்குப் போய்வந்த எழுத்தாளர்களின் புத்தக விற்பனைக்குச் சென்ற இடத்தில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். வயது 75. புத்தகம் வாங்கப் போன கிழவர்.

ஆனால் 'உபரி' என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். யார் வீட்டுப் பானையில் அள்ளிய உபரி? 1895-இல் பிரான்சின் நிதியமைச்சரான இதே மனிதர்தான் வருமானத்துக்கு ஏற்ப வரி என்று மசோதா கொண்டுவந்தார். வசதியானவர்கள் அலறினார்கள், செனட் முரண்டு பிடித்தது, 1896 ஏப்ரலில் அமைச்சரவை கவிழ்ந்தது. அடுத்த வருஷம் ஹனோய். அங்கே அபின், சாராயம், உப்பு மூன்றையும் அரசின் ஏகபோகமாக இறுக்கினார். உப்பளத்துக்காரன் விளைந்ததை அரசுக்கே கொடுக்கவேண்டும். அதே உப்பைக் கூடுதல் விலைக்கு வாங்கித்தான் அவன் பெண்டாட்டி மீனை ஊறப்போடவேண்டும். மீன்சாறு இல்லாமல் அங்கே சோறு இறங்காது. பாரிசில் ஆள் பார்த்து வரி கேட்டவர், இங்கே எல்லார் நாக்குக்கும் ஒரே வரி போட்டார். இப்படி வந்த வருமானத்தின் பலத்தில்தான் 1898-இல் ரயில்பாதைகளுக்கு 20 கோடி ஃபிராங்க் கடன் வாங்க அனுமதி கிடைத்தது. திறமையா? சரி, திறமைதான். திருடனுக்கும் அது வேண்டியிருக்கிறது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் சின்னத்தாத்தா காரைக்காலிலிருந்து சைகோன் போய்ச் சந்தையில் வரி வசூலித்தவர். தூமேர் பதவியை விட்டுப் போய் முப்பது வருஷமாகியும் உப்பு ஏகபோகம் அப்படியே இருந்த காலம். நம்மவர்கள் பலருக்கு அங்கே இதுதான் உத்தியோகம். கூடைக்காரிகள் இடுப்புத் துணி முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக் காசு எடுப்பார்கள் என்று ஒரே ஒருமுறை சொன்னார். ஊர் திரும்பிய பிறகு கத்தரிக்காய்க்குக்கூட அரைமணி பேரம் பேசுவார். உப்புக்காரி வந்தால் மட்டும் கேட்டதைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பாட்டி பேரம் பேச வாயெடுத்தால் அதட்டல் விழும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. அவர் செத்து நாற்பது வருஷம் கழித்து இப்போது உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி ஹனோய் போனால் பாலத்தில் நடந்து பாருங்கள். வியட்நாம் முழுக்க வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள் அந்தப் பாலத்தில் மட்டும் நம்மூர் மாதிரி இடப்பக்கம் ஓட்டுவார்கள். சாலையைக் கடக்கும்போது கவனம்.