பின்சக்கரம் அடிக்கடி பஞ்சராவது குறித்து

வணக்கம். ஒரே மாதத்தில் உங்கள் சைக்கிளின் பின்சக்கரம் நான்கு முறை பஞ்சரானதாகவும், டயரில் முள்ளோ ஆணியோ தென்படவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மீண்டும் ஒட்டுப் போடுவதற்கு முன், ஓட்டை டியூபின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று பாருங்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான்.

டியூபைக் கழற்றும்போதே வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால், குமிழி வரும் இடம் டயரின் எந்தப் பகுதிக்கு நேராக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஓட்டை ரிம்மை நோக்கிய உட்பக்கத்தில் இருந்தால் டயர்மீது பழியில்லை. ஸ்போக் கம்பியின் முனையோ, அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் என்ற சிறு மரையோ, அவற்றை மூடியபடி ரிம்மைச் சுற்றி ஒட்டியிருக்கும் ரிம் டேப் நகர்ந்துபோன இடைவெளியில் டியூபைக் குத்துகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அரத்தால் மழுங்கத் தேய்த்து, புது டேப் போடுங்கள். அதன் விலை மிகவும் குறைவு.

வெளிப்பக்கத்தில் இருந்தால், டயரின் உட்புறத்தைச் சிறிது பஞ்சால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பித் துணுக்கிலும் பஞ்சிழை சிக்கிக்கொள்ளும். விரலால் தடவிப் பார்த்து நான் ஒருமுறை இரத்தம் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரட்டை ஓட்டைகள் இருந்தாலோ, காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியதே காரணமாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள்.

ஒட்டுப் போடும்போது, சொல்யூஷன் தடவியவுடன் ஒட்டாமல், அதன் ஈரப் பளபளப்பு மறையும்வரை சில நிமிடங்கள் காத்திருங்கள்.