மாரிக்குப் பின் மீன்தொட்டி

கேள்வி: மாரி மழை ஓய்ந்தபின் எங்கள் வளவிலுள்ள சீமெந்து மீன்தொட்டியின் நீர் கறுத்து, அடியில் இலைச்சேறு படிந்து நாறுகிறது. நீரை முழுவதும் இறைத்துக் கழுவலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: முழுவதையும் இறைத்துவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டிச் சுவரிலும் கற்களிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட்டால் அவையும் அழிந்துவிடும், பிறகு விடப்படும் மீன்கள் தம் கழிவின் நஞ்சிலேயே வாட நேரிடும். பஞ்சைத் தொட்டி நீரிலேயே பிழிந்தெடுங்கள்.

மீன்களைப் பழைய நீருடன் நிழலில் ஒரு பெரிய பாத்திரத்துக்கு மாற்றிய பின்னரே சேற்றில் கைவையுங்கள். கூழ்முட்டை நாற்றம் வருமானால் அது ஐதரசன் சல்பைட்டு; சேற்றைக் கலக்கினால் அது நீரில் கரைந்து மீனைக் கொல்லக்கூடும். வழித்தெடுத்த சேறு வாழையடிக்கு அருமையான பசளை.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும். ஆழத்திலிருந்து இறைக்கும் நீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம் என்பதால், குழாயை உயர்த்திப் பிடித்து நீரைச் சிதறவிட்டு நிரப்புங்கள். குழாய்வழி விநியோக நீரென்றால் குளோரின் நீங்கும்வரை திறந்த பாத்திரத்தில் வைத்திருங்கள். முதல் வாரம் தீனியைக் குறையுங்கள்.

தொட்டியை மீனில்லாமல் நாட்கணக்கில் விடவே வேண்டாம். டெங்கு நுளம்பின் முட்டைகள் காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும்.