வேரை நிரப்பும்போது பல் பிளக்குமா?

அன்புள்ள ஐயா,

கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டேன். கடைசி நாளில் கூர்மையான கருவி ஒன்றை உள்ளே விட்டு மருத்துவர் பலமாக அழுத்தினார். தாடை வரை அந்த அழுத்தம் தெரிந்தது. அதில் வேர் விரிசல் விட்டிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. நரம்பு எடுத்த பல் காய்ந்து நொறுங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பயம் ஆதாரமற்றதல்ல. அந்தக் கருவியின் பெயர் ஸ்பிரெடர். வேரின் உள்ளே ஓடும் கால்வாய்க்குள், ரப்பர் போன்ற நிரப்புபொருளான கட்டாபெர்ச்சாவின் குச்சியை வைத்து, அதன் பக்கத்தில் இதைச் செலுத்தி ஒதுக்குவார்கள்; கிடைக்கும் இடத்தில் அடுத்த மெல்லிய குச்சி இறங்கும். நுனி சிறுத்த கருவி என்பதால், மரம் பிளக்க அடிக்கும் ஆப்பைப் போல, கீழ்நோக்கிய அழுத்தத்தைப் பக்கவாட்டுத் தள்ளலாக மாற்றிவிடுகிறது. கால்வாயின் சுவர் சுற்றுவாட்டில் இழுபடுகிறது. அந்தச் சுவர் டென்டின் என்ற பல்லின் கடினப் பொருளால் ஆனது; அது நசுக்கலை நன்றாகத் தாங்கும். இழுவிசையை அந்த அளவுக்குத் தாங்காது.

வேர் பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை, தட்டையானது. அதனால் இழுவிசை கால்வாயின் கன்னப்பக்க, நாக்குப்பக்க முனைகளில் குவிகிறது. விரிசலும் அந்தத் திசையில்தான் ஓடும். பிடுங்கி எடுத்த கீழ் முன்பற்களை அழுத்திப் பார்த்த 1987 ஆய்வொன்றில் ஒன்றரை கிலோ சுமையிலேயே சில வேர்கள் பிளந்தன. அவை மிக மெல்லிய வேர்கள். பெரும்பாலான கடைவாய்ப் பல் வேர்கள் அவற்றைவிடத் தடிமனானவை. அழுத்தம் தாடையில் தெரிந்தது என்பதை மட்டும் வைத்து விரிசல் என்று முடிவுகட்ட வேண்டாம். வளைந்து கொடுக்கும் நிக்கல் டைட்டானியம் கருவியோ, சூடாக்கி இளக்கிய கட்டாபெர்ச்சாவோ பயன்படுத்தினால் இந்த ஆப்பு வேலை குறையும்.

காய்ந்து நொறுங்கும் என்பது மிகைப்படுத்தப்பட்ட பேச்சு. சிகிச்சை பெற்ற பல்லின் டென்டினையும் உயிருள்ள பல்லின் டென்டினையும் ஒப்பிட்ட 1992 ஆய்வில் பெரிய வேறுபாடு இல்லை. பலம் போவது பல்லைக் குடைந்து எடுத்ததால். 1989இல் அளந்தபோது, கால்வாய்க்கு வழி திறப்பதால் விறைப்பு சுமார் 5 சதவீதமே குறைந்தது. இருபக்க விளிம்புகளையும் வெட்டிய பெரிய குழியால் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நிரப்பிய பொருள் இழந்த பலத்தைத் திருப்பித் தராது. பலரும் உள்ளே நடந்ததை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டு, வெளியே போடவேண்டிய உறையை (கிரவுன்) தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு எரிச்சலே அதில்தான்.

உறை போடும்வரை அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்காதீர்கள். பின்னாளில் ஈறில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ்க்கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மயிரிழை விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஈறோரம் ஒரே புள்ளியில், ஆழம் அளக்கும் மெல்லிய ஆய்கோல் ஆழமாக இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.